தங்கச்சி வந்திருந்ததாக எழுதிய நாள்

ஆற்றங்கரைப் பம்ப் ஹவுஸில் எனக்கு வேலை. தாமிரபரணி மணலில் இறக்கிய உறைகிணற்றில் ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றி, குழாய் வழியாக ஊர்த் தொட்டிகளுக்கு அனுப்புகிறோம். காலை ஆறு மணிக்குச் சுவிட்சைப் போட்டால் மதியம் இரண்டு வரை என் பொறுப்பு. இரண்டு மணிக்கு மேலப்பாளையத்திலிருந்து பாய் வருவார். அவர் இரவு பத்து வரை. பதினோரு வருடமாக நாங்கள் இருவர்தான். ஆனாலும் ஒரு நாளில் ஐந்து நிமிடத்துக்கு மேல் சேர்ந்து இருந்ததில்லை. சாவியைக் கையில் கொடுப்பேன். "வோல்டேஜ் கம்மியா வருது, பாத்துக்கிடும்" என்பேன். "சரிவே" என்பார். நான் டவுண் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன்.

எட்டாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மோட்டாரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் காது சொல்லித் தெரிந்ததுதான். பேரிங் தேய்கிறதா, கிணற்றில் தண்ணீர் இறங்கிப் பம்பு காற்றை இழுக்கிறதா என்று கேட்டுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவேன். காற்று இழுக்கும் பம்புக்கு ஒரு சத்தம் உண்டு. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று திணறும். நாலு தட்டு வேகமாக, அப்புறம் ஒன்றுமே கேட்காது, அப்புறம் கனமாக ஒரு தட்டு, மறுபடி தடதடவென்று முறையில்லாமல். உடனே அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பம்பு போய்விடும்.

போன ஐப்பசியில் ஒரு புதன்கிழமை மத்தியானம் அந்தத் திணறல் என் நெஞ்சுக்குள் வந்தது.

புதன் எனக்கு வார விடுமுறை, அன்று மாற்று ஆள் வருவார். டவுணில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு ஜவுளிக் குடோனுக்கு மேலே என் அறை. வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தேன். நெஞ்சில் ஏதோ இடறியது. பிழிந்த வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தேன். நாலு தட்டு, ஒன்றுமில்லை, ஒரு கனத்த தட்டு. அணைக்கலாம் என்றால் சுவிட்சு எங்கே இருக்கிறது?

பயம் எனக்குப் புதிதில்லை. கேஸ் அடுப்பை மூன்று தடவை பார்ப்பேன். பூட்டை இழுத்துப் பார்த்து, படி இறங்கி, மறுபடி ஏறி வந்து இழுத்துப் பார்ப்பேன். ஆனால் அன்று கட்டிலில் உட்கார்ந்து நான் போட்ட கணக்கு அதுவரை போடாத கணக்கு. இப்போது இங்கேயே விழுந்தால் எப்போது தெரியும்? இன்று விடுமுறை, யாரும் தேட மாட்டார்கள். நாளை காலை ஆறு மணிக்கு மோட்டார் ஓடாது. ஏழு மணிக்குத் தொட்டியில் தண்ணீர் இல்லை என்று போன் வரும். போனை யார் எடுப்பது? எட்டு எட்டரைக்குப் பாயைக் கூப்பிடுவார்கள். பாய்க்கு என் வீடு தெரியாது. டவுண் என்று தெரியும், அவ்வளவுதான். குடோன் பையன்கள் பத்து மணிக்குக் கடை திறப்பார்கள். மேலே ஏற மாட்டார்கள். வாடகை வாங்க வீட்டுக்காரர் ஐந்தாம் தேதிதான் வருவார். அன்று இருபத்துமூன்று.

இருபது நிமிடத்தில் நெஞ்சு தானாகச் சரியானது. வேட்டி மடியை நனைத்திருந்தது.

அதற்கப்புறம் வாரத்துக்கு ஒன்று, இரண்டு. பெரும்பாலும் வீட்டில். படி இறங்கி, டோக்கன் வாங்கி, ஈ.சி.ஜி எடுப்பதற்குள் நின்றுவிடும். தெருமுனை கிளினிக்கில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. நீங்க பயப்படுதீங்க, அவ்வளவுதான்" என்றார்கள். மூன்று தடவை அப்படி ஆனது. நான் பயப்படுகிறவன்தான், அதை மறுக்கவில்லை. பயப்படுகிறவனுக்கு வியாதி வரக்கூடாது என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

நாலாவது தடவை பாளையங்கோட்டையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு எழுதுகிற இடத்தில், "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டார்கள். ரத்த அழுத்தம் பார்க்கிற இடத்திலும் கேட்டார்கள். டாக்டர் அறை வாசலிலும் கேட்டார்கள். மூன்றாவது தடவை, "வெளிய வண்டிய நிறுத்தப் போயிருக்காவ" என்று சொல்லிவிட்டேன். யார் போயிருக்கிறார்கள் என்று அவர்களும் கேட்கவில்லை.

டாக்டர் ஒரு சின்ன வயசு அம்மா. நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். "வரும்போது பிடிக்கணும் ஐயா இதை. ஒரு நாள் முழுக்க மிஷினை உடம்புல மாட்டி அனுப்புறேன்" என்றார். ஹோல்டர் என்று அதற்குப் பெயர். அடுத்த புதன்கிழமை காலை நெஞ்சில் ஐந்து இடத்தில் ஒட்டி, ஒயர்களை இழுத்து, தீப்பெட்டிக் கட்டு அளவு ஒரு பெட்டியை இடுப்பில் மாட்டிவிட்டார்கள். ஒட்டிய நர்ஸ் ஒரு தாளும் கொடுத்தாள். மணிக்கு ஒரு கட்டம். பக்கத்தில் 'என்ன செய்தீர்கள்', 'என்ன உணர்ந்தீர்கள்' என்று இரண்டு கட்டம்.

"அண்ணாச்சி, குளிக்கக் கூடாது. ஒவ்வொரு மணிக்கும் அப்பப்ப எழுதிருங்க. நடந்தேன், சாப்டேன், யாரோடயாவது பேசினேன், சண்ட போட்டேன், எதுனாலும். அப்பதான் டாக்டருக்குப் புரியும்."

"சண்டையெல்லாம் போட மாட்டேம்மா."

"சரி, போடாதீங்க" என்று சிரித்தாள்.

பஸ்ஸில் சட்டைக்குள் ஒயர் புடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் இருந்தவர் என் காலரையும் இடுப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து முன்னால் போய் நின்றார். அதனால் வழியில் டீக்கடைக்குக்கூடப் போகவில்லை. நேரே வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன்.

அன்று நான் என்ன செய்தேன்? சோறு வைத்தேன். நேற்றைய குழம்பைச் சுட வைத்தேன். உட்கார்ந்தேன். பெட்டியில் சின்ன விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். ஜன்னலுக்குப் போனேன், வந்தேன். படுத்தால் ஒயர் பிடுங்கிவிடுமோ என்று நாற்காலியிலேயே இருந்தேன். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் ஒரு தடவை நெஞ்சு திணறியது. சந்தோஷமாகக்கூட இருந்தது, அகப்பட்டாய் என்று. ஏழு மணிக்கு மறுபடி, இந்தத் தடவை வெகு நேரம். அப்போது சந்தோஷம் இல்லை. காலையில் நர்ஸ் மிஷினை மாட்டியதிலிருந்து மறுநாள் அதைக் கழற்றும் வரை ஒரு மனுஷரோடும் நான் பேசவில்லை. அது எனக்குப் புதன்கிழமைகளில் சாதாரணம்தான். எழுதுவதற்கு ஒரு தாள் கையில் இருந்ததால்தான் அது அன்று கண்ணில் பட்டது.

அன்று முழுக்கத் தாளில் நான் எதுவும் எழுதவில்லை. அதற்குக் காரணம் என் வேலை.

பம்ப் ஹவுஸில் ஒரு பதிவேடு உண்டு. மணிக்கு ஒரு தடவை வோல்டேஜ், ஆம்பியர், கிணற்று மட்டம் எழுத வேண்டும். எழுத வேண்டும் என்பது சட்டம். ஷிப்டு முடிகிற நேரத்தில் எட்டு வரியையும் ஒரே மூச்சில் எழுதுவது வழக்கம். நான் மட்டுமில்லை, எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான், பாயும் அப்படித்தான். எழுதுவதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. எட்டு வரியிலும் ஆம்பியர் நாற்பத்திரண்டு என்று போட்டால், அது நிஜமாகவே நாற்பத்திரண்டாக இருந்தாலும், மேலே இருக்கிறவர் நம்ப மாட்டார். "ஒரே எடத்துல ஒக்காந்து எழுதுனியாவே?" என்பார். அதனால் நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று என்று கொஞ்சம் ஏற்றி இறக்கி எழுத வேண்டும். பதினோரு வருடம் அப்படி எழுதிய கை என் கை.

வியாழனுக்கும் லீவு சொல்லியிருந்தேன். காலை மிஷினைத் திருப்பிக் கொடுக்கப் போகுமுன் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து மணி: தனியாக இருந்தேன். பதினொன்று: தனியாக இருந்தேன். பன்னிரண்டு: சாப்பிட்டேன், தனியாக இருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று வரை எழுதிவிட்டுப் பார்த்தேன். வரிசையாக ஒரே மாதிரி நின்றது. பொய்க் கணக்கு மாதிரியே இருந்தது. இதை எந்த டாக்டர் நம்புவார்? ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான் என்று நினைப்பார். அது உண்மையும்கூட.

தாளின் பின்பக்கமும் அதே கட்டங்கள் அச்சிட்டிருந்தன. திருப்பிப் போட்டு, முன்பக்கத்தை அடித்துவிட்டு, புதிதாக எழுதினேன். நாலு மணி: தங்கச்சி வந்தாள். ஐந்து மணி: தங்கச்சியோடு பேசிக்கொண்டிருந்தேன். நெஞ்சு படபடப்பு. ஆறு மணி: இருவரும் காப்பி குடித்தோம். ஏழு மணி: தங்கச்சியோடு பேசிக்கொண்டிருந்தேன். படபடப்பு அதிகம். எட்டு மணி: தங்கச்சி தோசை சுட்டாள். ஒன்பது மணி: தங்கச்சி கிளம்பினாள்.

தங்கச்சி கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறாள். அப்பளம் போட்டு விற்கிறாள், மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் பார்க்கிறாள். மாதம் இரண்டு தடவை போனில் பேசுவோம். சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. அம்மா இருந்தவரை அடிக்கடி வந்தாள். எனக்குக் கல்யாணம் அமையவில்லை, அம்மாவும் போய்விட்டாள், அப்புறம் வந்து பார்க்க அங்கே என்ன இருக்கிறது? நாலு வருடமாக அவள் இந்தப் படி ஏறவில்லை. எழுதும்போது அவள் தோசை சுட்டது எனக்குப் பொய்யாகத் தோன்றவில்லை. ஆம்பியரை ஏற்றி இறக்கி எழுதுகிற மாதிரிதான் இருந்தது.

அடுத்த புதன்கிழமை டாக்டரம்மா ரிப்போர்ட்டையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரலை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினார்.

"நீங்க சொன்னது சரிதான் ஐயா. வெறும் பயம் இல்ல இது. இருதயத்தோட மேல் அறை ரெண்டும் சுருங்கி விரியறதுக்குப் பதிலா நடுங்குது. அந்த நேரத்துல ரத்தம் உள்ள தேங்கும். தேங்கினா கட்டியாகலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம் வரும். அதுக்கு இடம் கொடுக்கக் கூடாது."

என்னை நம்பினார்களே என்று ஒரு நிமிடம். பக்கவாதம் என்றாரே என்று அடுத்த நிமிடம்.

"அஞ்சு மணிக்கு வந்திருக்கு. ஏழு மணிக்கு ரொம்ப நேரம் வந்திருக்கு. ரெண்டு தடவையும் தங்கச்சியோட பேசிட்டிருந்தீங்க." தலை நிமிர்ந்தார். "தப்பா நினைக்காதீங்க. குடும்பத்துல ஏதாவது பிரச்சினையா? சொத்து, அது இதுன்னு?"

"அதெல்லாம் இல்லம்மா."

"அவங்க போனதும் ராத்திரி முழுக்க நல்லா இருக்கு. ஆள் வந்து பேசினா உங்களுக்கு மனசு பதறுது போல. கொஞ்ச நாளைக்கு அதிகமா யாரோடயும் பேசாம, கூட்டத்துல சேராம, அமைதியா இருங்க."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். வாசலில் நாலு பேர் நின்றார்கள். டாக்டரம்மா அதற்குள் மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்.

"ரெண்டு மாத்திரை. ஒண்ணு ரத்தம் உறையாம இருக்க. இன்னொண்ணு துடிப்பைச் சீராக்க. இந்த ரெண்டாவதுல மட்டும் ஜாக்கிரதை. ஆரம்பிச்ச மூணு நாளைக்குச் சிலருக்குத் துடிப்பு ரொம்பக் குறைஞ்சு மயக்கம் வரலாம். தனியா இருக்கறவங்கன்னா இங்க அட்மிட் பண்ணித்தான் ஆரம்பிப்போம். உங்களுக்குத்தான் தங்கச்சி இருக்காங்களே. பேச்சு கொடுக்காம பக்கத்துல மட்டும் இருக்கச் சொல்லுங்க. மயங்கினா உடனே கூட்டிட்டு வரட்டும்."

மாத்திரைகளோடு வீட்டுக்கு வந்தேன். ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை அன்றே போட்டேன். போட்டதிலிருந்து ஷேவ் பண்ணவில்லை. பிளேடு பட்டால் நிற்காதே. காய் நறுக்குவதையும் விட்டுவிட்டேன். இரண்டாவது மாத்திரை அட்டையைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன். போட்டால் மயங்கி விழுவேன், பார்க்க ஆளில்லை. போடாவிட்டால் நெஞ்சு நடுங்கும், ரத்தம் தேங்கும், அதையும் பார்க்க ஆளில்லை. காலையில் ஒரு தடவை பையிலிருந்து எடுப்பேன், வைப்பேன். ராத்திரி ஒரு தடவை எடுப்பேன், வைப்பேன்.

இன்னொரு கூத்தும் நடந்தது. தங்கச்சி வரவேயில்லை என்று எனக்குத் தெரியும். டாக்டரம்மா சொன்னது என் பொய்யை வைத்துச் சொன்னது என்றும் தெரியும். தெரிந்தும் ஆட்களைக் கண்டால் பயமாக இருந்தது. ஒருவேளை அது நிஜமாக இருந்துவிட்டால்? டீக்கடையில் வழக்கமாகப் பேப்பர் படித்துக்கொண்டு நிற்பவன், டம்ளரை வாங்கி ஓரமாகப் போய்க் குடித்தேன். இரண்டு மணிக்குப் பாய் வருவதற்கு முன்பே சாவியை ஆணியில் மாட்டிவிட்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி போன் பண்ணினாள்.

"அண்ணே, வர்ற வெள்ளிக்கெழம டவுணுக்கு ஒரு கல்யாணத்துக்கு வாரேன். ஒன்னயும் எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு நெனைக்கேன்."

நாலு வருடம் கழித்து அவளே கேட்கிறாள். "வெள்ளிக்கெழம டியூட்டி கெடக்கு தாயி, இன்னொரு நாளைக்கு வா" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் நெஞ்சு திணற ஆரம்பித்தது. அவளோடு பேசியதால் திணறியதா, வர வேண்டாம் என்றதால் திணறியதா? டாக்டரம்மா கேட்டால் எந்தக் கட்டத்தில் எழுதுவேன்?

செவ்வாய்க்கிழமை பாய் முன்கூட்டியே வந்துவிட்டார். நான் கேட்டுக்கு வெளியே போவதற்குள் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினார்.

"என்னவே, அஞ்சாறு நாளா என்னக் கண்டா ஓடுதீரு? ஒம்மட்ட கடனா கேட்டேன் நான்?"

"ஒண்ணுல்ல பாய். பஸ்ஸுக்கு நேரமாயிட்டு."

"தாடி வேற வளத்திருக்கீரு. எங்க ஆளு ஆயிட்டீரோன்னு பள்ளிவாசல்ல கேக்கணும்னு நெனச்சேன்."

சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அங்கேயே நெஞ்சு பிடித்துக்கொண்டது. பம்ப் ஹவுஸ் படியில் உட்கார்ந்தேன். பாய் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். டாக்டர்கள் பிடிக்கிற மாதிரி இல்லை. மோட்டார் மேல் கை வைத்துப் பார்க்கிற மாதிரி முழுக் கையையும் வைத்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஏ அல்லா. இது காத்து இழுக்குல்லா வே!"

பதினோரு வருடத்தில் என் உடம்பைப் பற்றி அவர் சொன்ன முதல் விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அழுகையை அடக்க எல்லாவற்றையும் சொன்னேன். மிஷின், கட்டம், தங்கச்சி, தோசை, மாத்திரை. தங்கச்சி தோசை சுட்டாள் என்ற இடத்தில் பாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"சட்னியாவது வச்சாளா வே?"

"பாய், நான் செத்துக்கிட்டிருக்கேன்."

"சாவமாட்டீரு. கூறுகெட்டவன் அவ்வளவு லேசுல சாவ மாட்டான்." கையை விடாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆம்பியரு எழுதுத மாதிரி ஒடம்புக்கு எழுதிட்டு வந்திருக்கீரே! பம்பு போச்சுன்னா வேற பம்பு போடுவான். நீரு போனா என்னத்தப் போடுவான்? நாளைக்கு ஒமக்கு லீவு. எனக்கும் சொல்லிவிடுதேன், மாத்து ஆளு வரட்டும். மொத டாக்டரம்மாட்ட போயி உள்ளதச் சொல்லணும்."

"வெக்கமா இருக்கு பாய்."

"எனக்குச் சொன்னீருல்லா? அதுல பாதி வெக்கம் போயிருக்கும். மீதிய அங்கன போயி விடும்."

மறுநாள் டாக்டர் அறைக்குள் நான் போனேன். பாய் வாசலில் நிற்பார் என்று நினைத்தால், அவரும் உள்ளே வந்து நின்றார். நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னேன். தங்கச்சி வரவில்லை. அன்று யாருமே வரவில்லை. கட்டத்தை எல்லாம் மறுநாள் காலையில் ஒரே மூச்சில் எழுதினேன்.

டாக்டரம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"அப்போ நாள் பூரா நீங்க தனியா உக்காந்திருந்தப்பதான் இது வந்திருக்கு."

"ஆமாம்மா."

"நான் தலைகீழா சொல்லிட்டேனே ஐயா. ஒருத்தர்ட்டயும் பேசாதீங்கன்னு வேற சொல்லிட்டேன்." பேனாவை மூடி வைத்தார். "தனிமையும், அதுல உக்காந்து இதையே நினைச்சுப் பயப்படறதும் இருதயத்துக்கு நல்லதில்ல. அதனாலேயேதான் வந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன். வயசு இருக்கு, பிரஷர் இருக்கு. ஆனா ஆள் வந்து பேசினா கெடுதல்னு சொன்னேன் பாருங்க, அதை அழிச்சிடுங்க. தங்கச்சியை வரச் சொல்லுங்க."

"அவளத்தான் வர வேண்டாம்னு சொல்லிட்டேம்மா."

"அதையும் அழிச்சிடுங்க. இன்னைக்கே அட்மிட் ஆகணும். இங்க வச்சு மாத்திரையை ஆரம்பிப்போம். கூட ஒரு ஆள் இருக்கணும்."

"நான் இருக்கேன்" என்றார் பாய்.

வார்டில் படிவம் எழுதிய நர்ஸ் பாயைப் பார்த்துக் கேட்டாள். "பேஷண்ட்டுக்கு நீங்க என்ன உறவு?"

பாய் யோசித்தார். "அவரு எறங்குனா நான் ஏறுவேன்."

"என்னது?"

"ஷிப்டும்மா. ஷிப்டுன்னு போடுங்க."

அவள் 'நண்பர்' என்று எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். பாயும் பார்த்தார்.

பதினோரு மணிக்கு நெஞ்சில் ஒயர் மாட்டி, தலைமாட்டில் துடிப்பைக் காட்டும் டிவியில் இணைத்தார்கள். மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள். ஒரு வாரம் பையில் கிடந்த அதே மாத்திரைதான். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். பாய் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார், இறங்குகிறதா என்று.

"எறங்கிட்டு" என்றேன்.

"மயக்கம் வருதா?"

"இப்பத்தானவே முழுங்குனேன்."

அந்த வாயோடு தங்கச்சிக்குப் போன் பண்ண வைத்தார். அவள் கேட்டதும் திட்டினாள். "ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டா சொல்லுத? ஞாயித்துக்கெழம கேட்டப்ப டியூட்டின்னியே, நான் என்ன அசலாளா?" அழுதாள். மறுபடி திட்டினாள். நாளைக் காலை முதல் பஸ்ஸிலேயே வருகிறேன் என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. டிவியில் என் துடிப்பு எழுபத்தெட்டு என்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் திட்டும்போது எண்பத்தைந்து ஆனது. போனை வைத்ததும் எழுபத்தாறு.

பாய்க்கு மூன்று மகள்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். மூத்தவளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. நான் இரண்டு மணிக்குக் கிளம்பியதும் தினமும் பம்ப் ஹவுஸ் வாசல் வேப்பமரத்தடியில் தான் கொஞ்சம் படுப்பதுண்டு என்றும் சொன்னார். "மோட்டாரு சத்தம் தாலாட்டுல்லா." ராத்திரி பதினொன்றுக்கு வீட்டுக்குப் போகிறவர், விடியுமுன் தொழுகைக்கு எழுகிறவர். ஒரு மணிக்கு ஆஸ்பத்திரிச் சோறு வந்தது. சாப்பிட்டதும் கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்து, "நீரு படும். நான் முழிச்சுத்தான் இருப்பேன்" என்று சொல்லி, சொன்ன வாய் மூடுமுன் குறட்டை விட்டார்.

என்னைப் பார்க்க வந்த ஆள் தூங்கிவிட்டார். நான் மயங்கினால்? டிவியைப் பார்த்தேன். எழுபது. அறுபத்தெட்டு. குறைந்துகொண்டு வருகிறதே? அப்போது கீழே குறட்டை நின்றது. நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூச்சு வரவில்லை. ஏழு, எட்டு. பன்னிரண்டு எண்ணியதும் 'ஹக்' என்று இழுத்துக்கொண்டு மறுபடி ஓடியது. கொஞ்ச நேரம் ஓடி, மறுபடி நின்றது. இந்தத் தடவை பதினைந்து வரை எண்ணிவிட்டேன். பொறுக்க முடியவில்லை. கட்டிலிலிருந்து குனிந்து அவர் தோளை உலுக்கினேன். நெஞ்சிலிருந்த ஒயர் பிய்ந்தது. டிவியில் என் துடிப்பு நேர்க்கோடாகி, மிஷின் அலறியது. நர்ஸ் ஓடி வந்தாள். பாய் "யா அல்லா!" என்று எழுந்து கட்டில் விளிம்பில் தலையை மோதிக்கொண்டார்.

"என்னாச்சு?" என்றாள் நர்ஸ்.

"இவருக்கு மூச்சு நிக்குதும்மா" என்றேன் பாயைக் காட்டி.

அவள் ஒயரை ஒட்டிக்கொண்டே எங்கள் இருவரையும் பார்த்தாள். "இதுல பேஷண்ட் யாரு?"

"நாந்தான்."

"அப்ப நீங்க படுங்க." பாய் பக்கம் திரும்பி, "குறட்டைல மூச்சு நிக்குதுன்னா அதையும் காட்டணும், சாதாரணமா விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாய் தலையைத் தேய்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஒமக்கு ஒண்ணு ஆயிரும்னு நான் வந்தேன். எனக்கு ஒண்ணு ஆயிரும்னு நீரு முழிச்சுக் கெடக்கீரு. இப்படிப் போனா ரெண்டு பேரும் உருப்பட மாட்டோம்வே."

"பதினஞ்சு எண்ணினேன் பாய். பதினஞ்சு."

"எம் பொண்டாட்டி முப்பது வருசமா எண்ணுதா. நான் இருக்கேம்லா?"

"காட்டணும். நர்ஸம்மா சொல்லிட்டால்லா."

"காட்டுதேன். ஒம்ம வாய மூட வைக்கவாவது காட்டுதேன். இப்பக் கண்ண மூடும். இனி நான் தூங்குனா நீரு என்னக் கேளும்."

கண்ணை மூடினேன். நம்பிக்கை வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து ஒரு கண்ணைத் திறந்தேன். எனக்கென்று கொடுத்திருந்த பன்னை எடுத்துப் பாலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். வாய் அசைந்தது. கண் டிவியில் இருந்தது. முழித்துத்தான் இருக்கிறார். நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மெல்லும் சத்தம் நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.